செல்போனுக்குப் போட்ட வாய்க்கரிசி

செவக்காட்டூரில் ஒரு கோடைகாலம் முழுக்க, வீடு தேடி வந்தவரிடம் 'தண்ணி குடிக்கீங்களா' என்று கேட்பது கெட்ட வார்த்தையாகிப் போனது. கேட்டால் வந்தவர் முகம் கறுத்து எழுந்து போய்விடுவார். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. தேரிக்காட்டுச் செம்மண்ணில் வெயில் நின்று கொதிக்க, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஆணும் பெண்ணும் செம்பைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலும் பனை மறைவுக்கும் போய், அக்கம்பக்கம் பார்த்து, திருட்டுப் பால் குடிக்கிற பூனையைப் போல ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தால் வந்த வழக்கம் அல்ல இது. பஞ்சம் அங்கே பிறந்த நாள் முதலே உண்டு. கனியின் செல்போன் தண்ணீருக்குள் விழுந்ததால் வந்தது.

கனி என்றால் செந்தூர்க்கனி, தங்கப்பழத்துக்கும் பிரம்மசக்திக்கும் ஒரே மகள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியை ஓட்டிய ரூபனோடு அவள் போய்விட்டாள். ரூபன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பையன். அந்தப் பக்கத்து லாரித் தண்ணீரைக் குடிக்கலாம், அந்தப் பக்கத்து ஆளைக் களையெடுக்கக் கூப்பிடலாம், தேர்தல் வந்தால் அந்தப் பக்கம் போய்க் கும்பிட்டு நிற்கலாம், பெண் மட்டும் கொடுக்கக் கூடாது என்பது செவக்காட்டூரின் சட்டம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் தண்டனை பெரிது. போகிற அன்று விடியும் நேரத்தில் கனி அடுப்படிக்கு வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "எங்க போறோம்னு உனக்கு மட்டும் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

பிரம்மசக்தி திரும்பவில்லை. திரும்பினால் விடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்ட்டி. தெரிஞ்சா நான் அங்கனயே வந்து நிப்பேன். என் பின்னாலயே உங்க பெரியப்பா வருவாரு. போயிட்டு வா."

போன் மட்டும் தலையணைக்கடியில் கிடந்தது. கையில் இருந்தால் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ரூபன் சொல்லியிருந்தானாம். அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் எழுத்துக் கூட்டி அனுப்புகிற பொறுமை கிடையாது. எல்லாம் பேசிப் பேசி அனுப்பியவைதான். போர்வைக்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகள் சிரித்ததை பிரம்மசக்தி எத்தனையோ நாள் பார்த்தும் பாராதவள்போல் படுத்திருக்கிறாள். போகிற இடமும் அந்தப் பேச்சுக்குள் எங்கோ இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிய அதே நேரத்தில், தெருமுனையில் சிவனணைந்தானின் பைக் சத்தம் கேட்டது.

சிவனணைந்தான் தங்கப்பழத்தின் அண்ணன். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை; வீட்டில் அவர் சொல்லுவதற்கு முன்பே 'சரி' உண்டு. பக்கத்து ஊரில் இதே மாதிரி போன ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தபோது அவரும் கூடப் போனார். கொண்டுவந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, வயிற்றுவலி என்றார்கள். அதை நினைத்த மாத்திரத்தில் பிரம்மசக்தியின் கை தானாகப் போனைத் தூக்கி மாட்டுக் கழனித்தொட்டிக்குள் போட்டுவிட்டது.

"போன் எங்க தாயி?" என்றார் அவர், வாசலில் நின்றபடியே.

"கைதவறித் தொட்டியில விழுந்துட்டு பெரியத்தான்."

அவர் வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அரிசி கழுவின தண்ணீரும் புண்ணாக்கும் மிதந்த தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, போனை எடுத்து உதறினார். மாடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிற ஐகோர்ட் என்கிற பையன், போனைப் பிரித்து ஊதிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்தான். "இப்ப ஆன் பண்ணிராதீங்க அண்ணாச்சி, மொத்தமா செத்துரும். பச்சரிசிக்குள்ள புதைச்சு வைங்க. ஈரத்தை எல்லாம் அரிசி இழுத்துரும்" என்றான். ஊர் உலகமெல்லாம் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். அரிசி வேறு எதையும் இழுக்குமா என்று அவனுக்குத் தெரியாது, யாருக்கும்தான் தெரியாது.

சிவனணைந்தான் வீட்டு அண்டா நிறையப் பச்சரிசி. அதன் நடுவில் போனைப் புதைத்து, மேலே தாம்பாளத்தைப் போட்டு மூடி, தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். காலையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பதும், வெளிச்சம் வராமல் மறுபடி புதைப்பதும், அமுக்கின விரலை வேட்டியில் துடைப்பதுமாக நாட்கள் போயின. அவர் மனைவி ஆவுடைத்தங்கம், கூட்டும்போது அண்டாவுக்குள்ளிருந்து ஏதோ குசுகுசுவென்று கேட்பதைக் கவனித்தாள். அரிசியில் வண்டு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாவு வீட்டில் துட்டி விசாரிப்பது போல வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி, அவர் அரிசியை அள்ளி அள்ளிப் போனின் மேல் போடுவதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "ஏய்யா, பச்சரிசிய இப்படிப் போடுறது வாய்க்கரிசில்லா! உசுரோட இருக்குற பிள்ளைக்கு..."

சொல்லி முடிக்கவில்லை. சிவனணைந்தான் நிமிர்ந்தார்.

"ஆமா. வாய்க்கரிசிதான். போட்டாச்சு. அப்படியே இருக்கட்டும்."

ஒரு வார்த்தை தவறி விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடியையே கவிழ்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த நாளே தங்கப்பழத்தை உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். தங்கப்பழம் அண்ணனுக்கு எதிரே நின்று பேசிப் பழகாத ஆள். கண்ணீர் கன்னத்தில் வழிய, மயிர் மடியில் விழ, தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனைக் கனியின் தாவணியில் சுற்றிச் சுடுகாட்டில் புதைத்தார்கள். தலை முழுகினார்கள். கருமாதிக்கு நாள் குறித்தார்கள். போஸ்டர் ஒட்டவில்லை, மைக் செட் கட்டவில்லை, மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது. ஊர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது. வராவிட்டால் அவர் முகத்தில் நாளைக்கு முழிக்க முடியாது என்பதற்காக வந்தவர்களே பாதிப் பேர்.

பந்தி நடுவில் அரிசி குறைந்தது. ஆவுடை தயங்கி நின்றாள், பிறகு கட்டிலுக்கடியிலிருந்த அண்டாவை இழுத்து, அந்த அரிசியை உலையில் கொட்டிக் கிளறிவிட்டாள். எறிய அவளுக்கு மனசு வரவில்லை. சோற்றை எறிகிற கை நன்றாக இருக்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள்.

பிரம்மசக்தி மட்டும் இலையில் உட்காரவில்லை. ஆவுடையே கொட்டில்வரை சோற்றைக் கொண்டுவந்து, "ஒரு வாய் தின்னு சத்தி, மயங்கி விழுந்துருவ" என்றாள்.

"என் மக உசுரோட இருக்கா. அவ கருமாதிச் சோத்த ஆக்கிப் போட உனக்கு எப்படிக்கா கை வந்துச்சு?"

ஆவுடை தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பிரம்மசக்தி ஓரகத்தியோடு பேசுவதை நிறுத்தினாள்.

மறுநாள் காலை டீக்கடைக் கொம்பையா, காது வரை மீசை வளர்த்த கொம்பையா, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்ததும் அவர் வாய் திறந்து, இளம் பெண்ணின் குரலில், "ஏ, நேத்து நீ போட்டிருந்த நீலச் சட்டை நல்லா இருந்துச்சு" என்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னய்யா பாக்கீங்க?" என்றார் கொம்பையா தன் கட்டைக் குரலில். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"ஒண்ணுமில்ல. டீயப் போடும்" என்றார்கள்.

வெயில் ஏறுவதற்குள் விஷயம் ஊருக்கு விளங்கிவிட்டது. கருமாதிச் சோறு தின்றவர்கள் பச்சைத் தண்ணீரைக் குடித்தால் கனியோ ரூபனோ அவர்கள் வாய்க்குள்ளிருந்து ஒரு பேச்சுப் பேசினார்கள். மோருக்கு வராது, டீக்கு வராது, கலர் சோடா குடித்தாலும் வராது. பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான். ஆளுக்கு ஒரு பேச்சு, எத்தனை முறை குடித்தாலும் அதே பேச்சு. பேசுகிறவர் காதுக்கு அது கேட்காது. செல்போனில் பதிந்து பார்க்கலாமே என்று பள்ளிக்கூட வாத்தியார் பதிந்து பார்த்தார். குடத்தில் தண்ணீர் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. அரிசிக்குள் போட்டது வாய்க்கரிசி, அதனால் அரிசிக்கு வாய் வந்துவிட்டது, இதில் என்ன அதிசயம் என்று கொம்பையா கடையில் பேசி முடித்து, அடுத்து தேங்காய் விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அதிசயத்தைவிட சங்கடம்தான் பெரிதாக இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குரல் இந்தப் பக்கத்துத் தொண்டைக்குள் உட்கார்ந்திருப்பது தீட்டல்லவா என்று ஒரு கூட்டம் முத்தாரம்மன் கோவிலுக்குப் போனது. பூசாரி தீட்டுக் கழிக்கத் தீர்த்தம் கொடுத்தார். தீர்த்தமும் தண்ணீர்தானே. வரிசையாக வாங்கிக் குடித்த பெரிய மனிதர்கள், அம்மன் சன்னதியில் கைகூப்பி நின்றபடி, "லாரி வந்துட்டு, குடத்த எடுத்துட்டு வா", "கழுத, ஏன் போன எடுக்கல", "உன் பல்லு கொஞ்சம் கோணல், அதான் அழகு" என்று வரிசையாகச் சொன்னார்கள். பூசாரி விளக்கைத் தூண்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

நாளாக ஆக, யாராவது குடிக்கும்போது மற்றவர் இருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பது நாகரிகம் என்றானது. 'நான் என்ன சொன்னேன்?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பது மரபானது. நர்ஸ் கொடுத்த மாத்திரைகள் விழுங்கப்படாமல் பொட்டலத்திலேயே கிடந்தன. கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஒருத்தி தன் புருஷனுக்கு மணிக்கொருதரம் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தாள். அந்த மனிதனுக்கு விழுந்த பேச்சு 'உன்ன நெனைச்சுக்கிட்டேதான் இருந்தேன்'. வேன் வைத்திருக்கிற உச்சிமாகாளிக்கு மட்டும் கொடுமையான பேச்சு விழுந்தது. பக்கத்து ஊர்ப் பெண்ணைத் தேடிப் போனபோது சிவனணைந்தானுக்கு வண்டி ஓட்டியவன் அவன்தான். அவன் குடித்தால் கனி அழுதுகொண்டே, "பயமா இருக்குடா, வெட்டிருவாங்களோ" என்றாள். அவனுடைய சின்ன மகள் அதைக் கேட்டதிலிருந்து அப்பனிடம் வர மறுத்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

பிரம்மசக்திக்கு மட்டும் எந்தப் பேச்சும் இல்லை. ஊரார் தொண்டையிலெல்லாம் அவள் மகள் இருந்தாள். பெற்றவள் தொண்டை வெறுந்தொண்டையாக இருந்தது. தின்றிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியதும் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். தங்கப்பழம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். மொட்டைத் தலையும் சுருங்கிய கன்னமுமாக இருந்த அந்த மனிதரின் வாயிலிருந்து ரூபன் பேசினான்: "உங்க அம்மைக்கு முட்டு வலின்னியே, தைலம் வாங்கிட்டு வந்திருக்கேன். குடத்துக்குள்ள போட்டு அனுப்புதேன், ஊத்துறதுக்கு முன்ன எடுத்துரு."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் தங்கப்பழம்.

பிரம்மசக்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் தேய்த்துவிட்ட தைலம் சந்தையில் வாங்கியது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "நல்ல பயதாங்க. நம்ம பிள்ளை நல்ல பயகூடத்தான் போயிருக்கா" என்று சொல்லி அழுதாள்.

அதன் பிறகு மத்தியான நேரங்களில், ஆண்கள் உறங்கும்போது, பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொல்லை வழியே அவள் வீட்டுக்கு வந்தார்கள். "ஒரு செம்புத் தண்ணி தாக்கா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தங்களுக்குக் கேட்காத ஒன்றை அவள் கேட்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியிடம் மகள் சிரித்தாள், ஒருத்தியிடம் கோபித்துக்கொண்டாள், ஒருத்தியிடம் பாட்டை முணுமுணுத்தாள். பிரம்மசக்தி மறுபடி மறுபடி ஊற்றினாள். அப்படி ஊற்றும்போதுதான் தெரிந்தது, குடிக்கக் குடிக்கக் குரல் தேய்ந்தது. முதலில் பேச்சின் கடைசிச் சொல் போகும், அப்புறம் அதற்கு முந்தியது, இப்படியே வால் பக்கமிருந்து கரைந்து கரைந்து, ஒருநாள் குடித்தால் வெறும் ஏப்பம்தான் வரும். மகளைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் மகளைக் கொஞ்சம் செலவழிக்கிறோம் என்று தெரிந்தபின் அவள் ஊற்றுவதைக் குறைத்தாள். "இன்னைக்கு வேண்டாம்மா, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பினாள். இது அவளுக்கும் அந்தப் பெண்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

சிவனணைந்தானுக்கு இவையெல்லாம் காதில் விழாமல் இருக்குமா? ஒருநாள் கொம்பையா கடையில் அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: "போன்ல இருந்த பேச்செல்லாம் ஊர் வாயில இருக்கு. அப்ப அவ போன இடமும் ஒரு வாயில இருக்கணும்."

"தலைமுழுகி, கருமாதியும் முடிச்சாச்சே அண்ணாச்சி" என்றார் கொம்பையா மெதுவாக.

"அதான் சொல்லுதேன். கருமாதி முடிஞ்சவ நடமாடுனா பண்ணுன காரியம் பொய்யாயிரும்லா? உச்சி, வண்டிக்கு டீசல் போட்டு வையி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில் திடலுக்கு எல்லோரும் அவரவர் செம்போடு வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அந்தத் தகவல் கேட்டதிலிருந்து பிரம்மசக்திக்குச் சோறு இறங்கவில்லை. யார் வாயில் இருக்கிறது என்று தெரிந்தாலாவது போய்க் காலில் விழலாம். தன்னிடம் வந்து குடித்த பெண்களில் யாரிடமும் இல்லை, அதுமட்டும்தான் தெரியும். அடைக்க வேண்டிய வாய் எது என்று தெரியாமல் ஊரெல்லாம் பார்த்துப் பார்த்துப் பயந்தாள். திடலுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

நாற்காலி போட்டு சிவனணைந்தான் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து, அவர் எதிரே ஒரு மடக்குக் குடித்து, சொல்லிவிட்டுப் போனார்கள். 'சாப்பிட்டியா' என்றது ஒரு வாய். 'தூக்கம் வருது, வைக்கட்டா' என்றது ஒரு வாய். கண்டக்டர், பூசாரி, கொம்பையா, மொட்டைத் தங்கப்பழம், எல்லோரும் வந்தார்கள். உச்சிமாகாளி குடித்து, அழுதபோது, கூட்டத்தில் ஒரு குழந்தை சேர்ந்து அழுதது. ஒவ்வொரு செம்பும் உயரும்போது பிரம்மசக்தியின் உயிர் கழுத்துக்கு வந்து வந்து இறங்கியது. வரிசை தீர்ந்தது. எந்த வாயிலும் இடம் இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

"எல்லாரும் குடிச்சாச்சா?" என்றார் சிவனணைந்தான்.

"நீங்க குடிக்கலியே மாமா" என்றது சாவி கொடுத்த மாதிரி ஒரு குரல். யாரோ ஒரு விவரமில்லாத இளவட்டம்.

அவர் யோசித்தார். உண்மைதான். கருமாதிக்கு மறுநாள் காலையில் குடித்ததோடு சரி; அதற்குப் பிறகு ஆவுடை அவருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்ததே இல்லை. 'வெயிலுக்கு மோருதான் நல்லது' என்று சொல்லி, செம்பு செம்பாக மோர்தான் கொடுத்து வந்தாள். பிரம்மசக்தி ஓரகத்தியைப் பார்த்தாள். ஆவுடையின் முகத்தில் ஈயாடவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. அன்று காலையே கேட்டிருக்கிறாள். கேட்டு, இத்தனை நாளும் மோர் கடைந்து கடைந்து கனியைக் காப்பாற்றியிருக்கிறாள். தான் அவளோடு பேசாமல் இருந்த நாட்களெல்லாம் பிரம்மசக்தியின் நெஞ்சில் வந்து குத்தின.

அதற்குள் சிவனணைந்தான் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டார். கனி பேசினாள், பக்கத்தில் நிற்கிறவளைப்போலத் தெளிவாக. போகிற அன்று அடுப்படியிலிருந்து திரும்பியதும் ரூபனுக்கு அனுப்பிய கடைசிப் பேச்சு அது.

"ஏ, வழிய மறந்திராத." பிறகு ஊர்ப் பெயர் வந்தது. இறங்குகிற பஸ் ஸ்டாப், அதிலிருந்து திரும்புகிற சந்து, வீட்டின் அடையாளம், எல்லாம் வந்தது. "அம்மாகிட்ட சொல்ல வந்தேன். வேண்டாம்னுட்டா. சொல்லியிருந்தா ஒருநாளாவது என்னைப் பாக்க வந்திருப்பா. அவ பாவம்."

அந்த இடத்தை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஊரே சொல்லாததை நான் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

"என்ன சொன்னேன்?" என்றார் சிவனணைந்தான்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததும், ஆவுடை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "சாப்பிட்டியான்னு கேட்டீங்க" என்றாள்.

"இத்தனை நேரம் வாய் அசைஞ்சுதே. கொம்பையா, நீரு சொல்லும்."

கொம்பையா மீசையைத் தடவினார். "சாப்பிட்டியான்னுதான் அண்ணாச்சி கேட்டீங்க. கொஞ்சம் இழுத்துக் கேட்டீங்க."

"உச்சி! நீ சொல்லுல."

உச்சிமாகாளி நிமிர்ந்து, கூட்டத்துக்குள் தன் மகள் நிற்கிற இடத்தைப் பார்த்தான். "எனக்குச் சரியா கேக்கல அண்ணாச்சி. இன்னொரு செம்பு குடிங்களேன்" என்றான்.

அவர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் முடியவில்லை. பிரம்மசக்தி குடத்தோடு முன்னால் போனாள். "நான் ஊத்துதேன் பெரியத்தான்" என்றாள்.

அவர் குடித்தார். மறுபடி கனி தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னாள். ஊர் கேட்டது. "சாப்பிட்டியான்னுதான் கேக்கீங்க" என்றது ஊர். மறுபடி ஊற்றினாள். இந்த முறை 'அவ பாவம்' வரவில்லை. அடுத்த செம்புக்கு 'பாக்க வந்திருப்பா' போனது. மகள் தன்னைப் பற்றிச் சொன்னது அந்த வால் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். அதுதான் முதலில் கரையும் என்று பிரம்மசக்திக்குத் தெரியும். நிறுத்தினால் அது மிச்சமிருக்கும், இடமும் மிச்சமிருக்கும். நாளைக்கே இந்த மனிதர் வெளியூர் போய் யாரோ ஒருவர் முன்னால் குடித்துக் கேட்டு வந்துவிடுவார். நிறுத்தாமல் ஊற்றினாள். 'அம்மாகிட்ட சொல்ல வந்தேன்' என்பது 'அம்மாகிட்ட' என்றானது, அப்புறம் 'அம்மா' என்றானது. அந்த 'அம்மா'வைக் கேட்டதும் அவள் குடத்தை அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஆவுடை வந்து பக்கத்தில் நின்று குடத்தின் அடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவருமாகச் சேர்ந்து சாய்த்தார்கள்.

குடம் தீர்ந்தது. பெண்கள் வீட்டுக்கு ஓடி வேறு குடங்கள் கொண்டுவந்தார்கள். தண்ணீரைப் பொன்போல் வைத்துச் செலவழிக்கிற ஊர் அன்று தண்ணீரைப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா வந்தா கேக்கும் அண்ணாச்சி", "இன்னொரு செம்பு அண்ணாச்சி", "ஒரு மடக்கு, ஒரே மடக்கு அண்ணாச்சி." அவர் வயிறு உப்பி, கண் சிவந்து, சட்டை நனைந்து, 'என்ன சொன்னேன், என்ன சொன்னேன்' என்று கேட்டுக்கொண்டே குடித்தார். வீட்டின் அடையாளம் போனது, சந்து போனது, பஸ் ஸ்டாப் போனது. ஊர்ப் பெயர் பாதியாகி, ஓர் எழுத்தாகி, மூச்சாகி, கடைசியில் நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. அது அவர் காதிலேயே விழுந்தது.

"முதல்ல என்னதான் வந்துச்சு?" என்று அவர் பிரம்மசக்தியைக் கேட்டார். "நீ பெத்தவ. நீ சொல்லு."

"அவ இருக்குற இடம் வந்துச்சு பெரியத்தான்" என்றாள் பிரம்மசக்தி. "எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரிக்குத் தெரியும். இங்கன நிக்குற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் தலை குனியவில்லை.

அதற்குப் பிறகு செவக்காட்டூரில் பழையபடி விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். குரல்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன. அந்தக் கோடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பச்சைப்பிள்ளைகள்கூடத் தூக்கத்தில் உளறாமல் அந்த இடத்தைக் காக்கிறார்கள். சிவனணைந்தான் பைக்கை எடுப்பதில்லை, யாரையும் அதட்டுவதில்லை. விடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு வந்து, ஐகோர்ட் கடைக்கு எதிரே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். கடைசி பஸ் போன பிறகுதான் எழுந்திருக்கிறார். பெற்ற வயிறு எத்தனை நாளைக்குப் பொறுக்கும், என்றைக்காவது ஒருநாள் அவள் பஸ் ஏறித்தானே ஆகவேண்டும், எந்த பஸ் என்று பார்த்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

கனி இருக்கிற அந்த ஊருக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வருகிறது. நிற்கிறது. வாசல்படி காலியாகக் காத்திருக்கிறது. பிரம்மசக்தி காலிக் குடத்தோடு லாரி நிற்கிற இடத்துக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

"எங்க தாயி கிளம்பிட்ட?" என்று கேட்கிறார் அவர், தினமும்.

"தண்ணிக்கு, பெரியத்தான்" என்கிறாள் அவள். பஸ்ஸைப் பார்க்காமல் கடந்து போகிறாள்.